நர்சரி பள்ளியின் பருவ மடலில் எதை எழுதலாம், எதை விடலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 40 பிள்ளைகள் படிக்கும் ஒரு நர்சரி பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். பருவத்துக்கு ஒருமுறை வீடுகளுக்குப் போகும் மடலை எழுதும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. போன முறை எழுதியதை யாரும் படித்த மாதிரியே தெரியவில்லை. ஒரு பிள்ளையின் வீட்டில் தங்கை பிறந்திருக்கிறாள், இன்னொரு பிள்ளையின் தாத்தா இறந்துவிட்டார், குடும்பச் செய்தி என்று இதையும் சேர்க்கலாமா என்று குழப்பம். காய்ச்சல், சளி பற்றி எழுதினால் பயப்படுவார்கள், எழுதாவிட்டால் கோபப்படுவார்கள். நல்ல மாதிரி மடல் ஒன்று கிடைக்குமா என்று முடித்திருக்கிறீர்கள். மாதிரி கேட்டிருந்தாலும், இந்தக் காகிதம் யாருக்காக, எதற்காகப் போகிறது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அது பிடிபட்டுவிட்டால் மாதிரி தேவைப்படாது.

நான் 19 வருடம் மழலையர் வகுப்பில் இருந்தேன். கடைசி சில வருடங்கள் பள்ளிப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. வருடத்துக்கு மூன்று என்று வைத்துக்கொண்டால் ஐம்பதுக்கு மேல் மடல்கள் எழுதியிருப்பேன். அதில் முதல் பத்தை இப்போது எடுத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. நான் மருத்துவர் இல்லை, வக்கீலும் இல்லை. அந்த இரண்டு பக்கமும் தொடுகிற இடங்களில் எனக்குத் தெரிந்த எல்லையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் ஆரம்ப கால மடல் இப்படித்தான் தொடங்கும்: ‘இப்பருவத்தில் மாணவர்கள் நீர் என்னும் கருப்பொருளின்கீழ் பல்வேறு செயல்பாடுகளில் உற்சாகமாகப் பங்கேற்றனர்.’ இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்தப் பள்ளியின் மடலிலும், எந்த வருடத்திலும் இந்த வரியை அப்படியே ஒட்டலாம். படிக்கிற அம்மாவுக்கு அதில் தன் பிள்ளையின் முகம் தெரியாது. ஒருநாள் ஒரு அப்பா வாசலில் நின்று, “மிஸ், மாத்துத் துணி கொண்டுவரச் சொன்னீங்களாமே, என்னைக்கு?” என்று கேட்டார். அது மடலின் ஏழாவது பத்தியில், நன்றி சொல்வதற்குச் சற்று முன்னால் இருந்தது. அவர் படிக்கவில்லை என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் அந்த மடலை நானே ஒருமுறை படிக்க உட்கார்ந்தேன். நான்காவது பத்தியைத் தாண்ட முடியவில்லை.

அதிலிருந்து முதல் வேலையாக அறிவிப்பையும் மடலையும் பிரித்தேன். விடுமுறை நாட்கள், மாற்றுத்துணி, பெற்றோர் சந்திப்பு, கட்டணத் தேதி, இவையெல்லாம் தனித்தாளில் போக வேண்டும். சுவரிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ ஒட்டி வைக்கிற அளவு தாள், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் தனிச் செய்தியாகவே அனுப்புங்கள். தேதி தேடி வருகிறவர் தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் போகட்டும், அவர்மேல் தப்பே இல்லை. இப்படிப் பிரித்த பிறகு ஒரு சங்கடம் வரும். மடலில் எழுத ஒன்றுமே மிஞ்சவில்லை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த இடத்தில்தான் மடல் தொடங்குகிறது.

மூன்று வயதுப் பிள்ளையிடம் “இன்னைக்கு ஸ்கூல்ல என்ன பண்ணினே?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்று வரும். அல்லது “விளையாடினேன், சாப்பிட்டேன்” என்று வரும். பெற்றோர் இதைக் கேட்டுப் பள்ளியில் ஒன்றும் நடப்பதில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கேத்தரின் நெல்சன் என்ற உளவியலாளர் சிறு பிள்ளைகளின் நினைவைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர். அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டது இது: திரும்பத் திரும்ப நடக்கும் விஷயத்தைச் சின்னப் பிள்ளைகள் ஒரு பொதுவான வரிசையாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். முதலில் இது, அப்புறம் இது, அப்புறம் வீடு. வழக்கமாக என்ன நடக்கும் என்பதை அழகாகச் சொல்லிவிடுவார்கள். குறிப்பிட்ட ஒரு நாளில் என்ன நடந்தது என்று பொதுப்படையாகக் கேட்டால் திணறுவார்கள். ஒரு பிடி கொடுத்தால் கதையே வேறு. “இலை மூழ்கிப்போச்சாமே?” என்று கேட்டுப் பாருங்கள், கொட்டித் தீர்ப்பார்கள்.

அந்தப் பிடியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதுதான் மடலின் வேலை என்று நான் நினைக்கிறேன். இதில் ஆராய்ச்சி சொல்வது எது, என் ஊகம் எது என்று பிரித்துச் சொல்கிறேன். நடந்ததைப் பற்றிப் பெரியவர்கள் பிள்ளையோடு விரிவாகப் பேசினால், ‘யார் வந்தார்கள், அப்புறம் என்ன ஆச்சு’ என்று திறந்த கேள்விகளாகக் கேட்டு, பிள்ளை சொன்னதோடு தானும் சேர்த்துச் சொன்னால், அந்தப் பிள்ளைகள் தங்கள் அனுபவத்தை இன்னும் கோவையாகச் சொல்லக் கற்கிறார்கள். ராபின் ஃபைவுஷ், எலெய்ன் ரீஸ் போன்றவர்கள் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அம்மாக்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. இது உறுதியான பகுதி. பள்ளி அனுப்பும் ஒரு மடல் அந்தப் பேச்சைத் தொடங்கி வைக்கும் என்பது நான் வாசலில் நின்று கேட்டதிலிருந்து சொல்வது. அதை ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியென்றால் எப்படி எழுதுவது? நீர் பற்றிய அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். பின்னாளில் இப்படி எழுதினேன்: ‘மழை விட்ட மறுநாள் முற்றத்தில் தேங்கிய தண்ணீரில் மூன்று பேர் இலை விட்டார்கள். காய்ந்த இலை மிதந்தது. அதன்மேல் கல்லை வைத்ததும் மூழ்கியது. “கல்லுக்கு நீச்சல் தெரியாது” என்று ஒரு குரல். சின்னக் கல் என்றால் இலை தாங்குமா என்று அரை மணி நேரம் பார்த்தோம். வீட்டில் வாளியும் இலையும் இருந்தால் மீதியை நீங்கள் பாருங்கள்.’ கருப்பொருள், கற்றல் நோக்கம் என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனால் எடை, மிதப்பு, ஊகிப்பது, சரிபார்ப்பது எல்லாம் அதற்குள் இருக்கிறது. அதைப் பெயர் சொல்லி விளக்கத்தான் வேண்டும் என்றால் கடைசியில் ஒரே ஒரு வரி போதும்.

பருவத்தைச் சாக்காக வைப்பது நல்ல வழக்கம்தான். பிள்ளைகள் காலண்டரை அறிய மாட்டார்கள், ஆனால் காலம் மாறுவதை உடம்பால் அறிவார்கள். நேற்றுவரை போட்ட சட்டை இன்று போதவில்லை. போன மாதம் வெளிச்சமாக இருந்த நேரத்தில் இப்போது விளக்குப் போட வேண்டியிருக்கிறது. முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, அதே இடத்தில் அதே நேரத்தில் வாரம் ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடு நகர்வதை மூன்று வயதுக்காரர்களும் கண்டுபிடித்துவிடுவார்கள். சூரியன் வானத்தில் போகும் பாதை வருடத்தில் மாறுவதுதான் காரணம் என்று அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஈரத்துணி எந்த நாளில் சீக்கிரம் காய்கிறது, மழைக்குப் பிறகு எந்தப் பூச்சி வெளியே வருகிறது, நனைத்த விதை எத்தனை நாளில் முளை விடுகிறது, இப்படி எடுத்தால் எந்த நாட்டில் எந்தப் பருவமாக இருந்தாலும் மடலுக்குச் சரக்கு இருக்கும். விதை போடுவது ஒன்றும் புதிதல்ல. ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய நிலையத்துக்கு 1840-இல் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பாத்தி இருக்க வேண்டும், எல்லோருக்கும் பொதுவாகவும் பாத்தி இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நாமும் நாற்று வளர்க்கும் இடத்தையும் பிள்ளைகள் படிக்கும் இடத்தையும் ஒரே வார்த்தையில் நர்சரி என்றுதான் சொல்கிறோம். நாற்றங்காலில் வேலை செய்கிறவர்கள் தினமும் குனிந்து பார்ப்பார்கள். நமக்கும் அதே வேலைதான்.

குனிந்து பார்த்ததை எழுதி வைக்காவிட்டால் மடல் எழுதும் நாளில் ஒன்றும் ஞாபகம் வராது. பருவக் கடைசியில் உட்கார்ந்து யோசித்தால் நமக்கும் பிள்ளைகள் மாதிரி ‘விளையாடினோம், பாடினோம்’ என்றுதான் வரும். சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும். தேதி, யார், என்ன செய்தார், என்ன சொன்னார். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். “நிழல் என்னைவிட்டுப் போக மாட்டேங்குது” என்பதை ‘நிழல் நம்மைப் பின்தொடர்வதைக் குழந்தை உணர்ந்தது’ என்று மாற்றினால் அங்கே இருந்த பிள்ளை காணாமல் போய்விடும். நியூசிலாந்தில் மார்கரெட் கார் என்பவர் முன்வைத்த ‘கற்றல் கதை’ என்ற முறை ஒன்று உண்டு. ஒரு பிள்ளை செய்ததைச் சின்னக் கதையாக, பல சமயம் அந்தப் பிள்ளையிடமே பேசுவது போல ஆசிரியர் எழுதுவார். அது தனிப்பிள்ளைக்கான ஏடு, எல்லோருக்கும் போகும் மடலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் எழுதப் பழகுவதற்கு நல்ல வழி. நான் அதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாப் பெயர்களையும் எழுதி, யாரைப் பற்றி எழுதினோமோ அவர் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வையுங்கள். இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். இரண்டு மடல் வரிசையாகப் போன பிறகு ஒரு அம்மா சிரித்துக்கொண்டே, “எங்க பையன் ஸ்கூலுக்கு வர்றான்தானே மிஸ்?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று புரியவில்லை. நோட்டைப் புரட்டினேன். அந்தப் பையன் பெயர் எங்குமே இல்லை. அழமாட்டான், அடிக்கமாட்டான், கேள்வி கேட்கமாட்டான். தினமும் நேரத்துக்கு வந்து, ஒரு ஓரமாக நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். சத்தம் போடுகிற பிள்ளைகள்தான் என் நோட்டை நிரப்பியிருந்தார்கள்.

பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு செயல் என்பதை நான் அப்போது கணக்கில் எடுக்கவில்லை. மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வில் நர்சரி பிள்ளைகள் மற்றவர்களோடு சேரும் விதங்களைப் பிரித்துக் காட்டினார். அதில் பிறர் விளையாடுவதைப் பார்த்து நிற்பது ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து அதே பொம்மையோடு தனித்தனியாக விளையாடுவது இன்னொன்று. இவை வயதுப்படி ஏறும் படிக்கட்டு என்று ரொம்ப காலம் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவ்வளவு நேர்க்கோடாக இல்லை, பெரிய பிள்ளைகளும் தனியாக விளையாடுவார்கள், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை என்று காட்டினார்கள். அடுத்த மடலில் அந்தப் பையனைப் பற்றி எழுதினேன். மற்றவர்கள் கட்டிய கோபுரம் எந்தப் பக்கம் சாயும் என்று விழுவதற்கு முன்பே கை காட்டுவான், பெரும்பாலும் சரியாக இருக்கும். இது உண்மை. அவனைப் பத்து நாள் கவனித்த பிறகுதான் என் கண்ணில் பட்டது.

இனி குடும்பச் செய்திகள். இங்கேதான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும். என் விதி ஒன்றே ஒன்று: வீட்டில் நடந்தது வீட்டுக்குச் சொந்தம். அவர்களாகக் கொடுத்தால், எந்த வார்த்தையில் கொடுத்தார்களோ அந்த அளவுக்குத்தான் எழுத வேண்டும். வட்டமாக உட்கார்ந்து பேசும் நேரத்தில் ஒரு குட்டிப் பெண் “எங்கம்மா வயித்துல பாப்பா இருக்கு” என்று அறிவித்தாள். எல்லோரும் கை தட்டினோம். மடலில் ‘விரைவில் அக்கா ஆகப்போகிறவர்’ என்று ஆசையாக ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த அம்மா இன்னும் மாமியாரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. வாசலில் பார்த்த இன்னொரு அம்மா வாழ்த்துச் சொல்லித்தான் மடலில் வந்த விஷயமே அவருக்குத் தெரிந்தது. என்னிடம் கத்தவில்லை. “நான் சொல்ல வேண்டிய செய்தி அது” என்று மட்டும் சொன்னார். கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் எதுவும் நடக்கலாம். அப்படி ஏதாவது ஆகியிருந்தால் மடல் போன அத்தனை வீடுகளுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். பிள்ளை வகுப்பில் சொல்வது நம்மை நம்பிச் சொல்வது. அது செய்தி ஆகாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினேன். ‘வீட்டில் ஏதாவது மாற்றம் உண்டா? புதுப் பிள்ளை, வீடு மாறுவது, யாராவது ஊருக்குப் போயிருப்பது, யாராவது தவறியது, வளர்த்த பிராணி இறந்தது, எதுவானாலும்’ என்று கேட்டு, கீழே இரண்டு கட்டம். ஒன்று, ஆசிரியர் மட்டும் தெரிந்துகொள்ள. மற்றது, மடலில் போடலாம். பெரும்பாலான சீட்டுகள் முதல் கட்டத்தில் குறியோடுதான் திரும்பி வந்தன. மடலுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அந்தச் சீட்டு எனக்குப் பெரிய உதவி. திடீரென்று கடிக்க ஆரம்பித்த பிள்ளையின் வீட்டில் மூன்று வாரத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்தால் நாம் நடந்துகொள்ளும் விதம் மாறும். தங்கை பிறந்த செய்தியை அந்த வீட்டார் எழுதிக் கேட்டால் தாராளமாகப் போடுங்கள். போடும்போது புதுப் பாப்பாவைவிட நம் வகுப்புப் பிள்ளையை முன்னால் நிறுத்துங்கள். ‘தங்கைக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள்’ என்று எழுதினால் மடல் அவளுடையதாகவே இருக்கும்.

தாத்தா இறந்ததை மடலில் போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வீட்டார் கேட்டுக்கொண்டால் தவிர. ஆனால் வகுப்பில் அது வரும், நிச்சயம் வரும். செத்துப்போனால் திரும்ப வர மாட்டார்கள் என்பது நர்சரி வயதில் முழுசாகப் பிடிபடாது. இன்று ‘தாத்தா செத்துட்டார்’ என்று சொல்லும் பிள்ளை நாளைக்கு ‘தாத்தா எப்போ வருவார்’ என்று கேட்கும். ‘தூங்குகிறார்’, ‘வெளியூர் போயிருக்கிறார்’ என்று மழுப்பினால் சில பிள்ளைகள் தூங்கவே பயப்படுவார்கள். இறந்துவிட்டார், உடம்பு இனி வேலை செய்யாது என்று நேராகச் சொல்லுங்கள் என்றுதான் பிள்ளைகளின் துக்கத்தோடு வேலை செய்பவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். அந்த வீட்டில் என்ன வார்த்தை சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் நம்பிக்கை என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று ஆகக் கூடாது.

ஆசிரியர்களின் செய்தி வேறு விதம். ஒரு மிஸ் வேலையை விட்டுப் போகிறார் என்றால் அது பிள்ளைகளுக்குக் குடும்பச் செய்தி மாதிரிதான். அதை மடலின் மூலையில் ‘வாழ்த்துகள்’ என்று புதைக்காதீர்கள். எந்த நாளில் பிள்ளைகளிடம் சொல்கிறோமோ அதே நாளில் வீட்டுக்கும் தெரிய வேண்டும், கடைசி நாள் எது, அடுத்து யார் என்பதோடு. அப்புறம் ஒரு சின்ன விஷயம். ‘அன்புள்ள அம்மா அப்பாவுக்கு’ என்று தொடங்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடலாம். பாட்டி வளர்க்கும் பிள்ளை இருக்கும், ஒரே ஒருவர் வளர்க்கும் பிள்ளை இருக்கும். ‘வீட்டில் இருக்கும் எல்லோருக்கும்’ என்றால் போதும்.

படங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வருடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, உங்கள் இடத்து விதியைப் பள்ளி நிர்வாகம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சட்டம் என்ன சொன்னாலும் சில பழக்கங்கள் நல்லவை. முகமும் முழுப்பெயரும் ஒரே இடத்தில் வேண்டாம். சுற்றுலா எங்கே, எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பொதுவில் போட வேண்டாம். போனில் எடுத்த படக் கோப்புக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிவாகியிருக்கலாம், கோப்பாக அனுப்பும்போது அதுவும் கூடவே போகலாம். வாட்ஸ்அப்பில் ஒருமுறை போன படம் எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. நான் போகப் போக முகங்களை விட்டுவிட்டுக் கைகளைப் படமெடுக்க ஆரம்பித்தேன். மண் அப்பிய பத்து விரல்கள். ஒவ்வொரு வீட்டிலும் இது நம் பிள்ளையின் கையா என்று உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

நோய் விஷயம். பருவத்துக்கு ஒருமுறை போகும் மடல் நோய்ச் செய்திக்கு ஏற்ற இடமே இல்லை. வகுப்பில் அம்மை வந்தால் அன்றைக்கே தனிச் செய்தி போக வேண்டும், பிள்ளையின் பெயர் இல்லாமல். மடலில் போட வேண்டியது வரப்போகும் பருவத்துக்கான ஒரு பத்தி. சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு என்று மருத்துவர்கள் சொல்வார்கள். கூட்டமாகச் சேர்ந்திருக்கும் முதல் வருடத்தில் இன்னும் கூடலாம். இந்த ஒரு வரியை எழுதிப் பாருங்கள், பாதிப் பயம் போய்விடும். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும், எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை பரவும். அதனால் ‘யார் கொண்டுவந்தது’ என்று தேடுவதில் பயனில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்ற பிறகும் 48 மணி நேரம் வீட்டில் வைத்திருக்கச் சொல்வது பல இடங்களில் உள்ள வழிகாட்டுதல். அந்த வகைக் கிருமிகளில் முக்கியமான நோரோ வைரஸுக்குக் கையில் தடவும் ஆல்கஹால் ஜெல் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். கை, கால், வாய் நோயில் பிள்ளை தேறிய பிறகும் சில வாரம் மலத்தில் வைரஸ் இருக்கும். ஆகவே பேன்ட் மாற்றிவிடும் ஆயாக்களும் நீங்களும் கை கழுவுவதில் சோம்பல் படக் கூடாது. இதற்குமேல் எந்த மருந்து, எத்தனை நாள் என்பதெல்லாம் மருத்துவர் சொல்ல வேண்டியது. மடலில் வைத்தியம் எழுதாதீர்கள். நான் ஒருமுறை எழுதினேன், அதில் இருந்த நல்லெண்ணத்தைத் தவிர வேறு எதையும் இன்று என்னால் நியாயப்படுத்த முடியாது.

நீண்ட விடுமுறைக்கு முன் போகும் மடலில் ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். நன்றாகப் பழகிவிட்ட பிள்ளையும் விடுமுறை முடிந்து வரும்போது வாசலில் மறுபடி அழும். பெற்றோர் அதைப் பார்த்து, எல்லாம் பழைய நிலைக்குப் போய்விட்டது என்று உடைந்துபோவார்கள். முதல் முறையைவிட இது பெரும்பாலும் சீக்கிரம் அடங்கிவிடும் என்பது என் அனுபவம். சொல்லாமல் நழுவிப் போவதைவிட, ‘போய்ட்டு சாயங்காலம் வரேன்’ என்று சொல்லி, ஒருமுறை கட்டிக்கொண்டு கிளம்புவது நல்லது. இதை முன்கூட்டியே எழுதி வைத்தால் அந்த நாள் காலையில் வாசலில் நிற்கிறவருக்கு அது ஞாபகம் வரும்.

அளவு ஒரு தாள், இரண்டு பக்கம். அதற்குமேல் போனால் எதையோ வெட்ட மறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நன்கொடை கேட்பது, தாமதமாக அழைத்துப் போகிறவர்களைக் கண்டிப்பது, ‘தங்கள் மேலான ஒத்துழைப்பை எதிர்நோக்குகிறோம்’, இவை மூன்றும் வேண்டாம். கண்டிப்பது ஒருவருக்காக இருக்கும், படிக்கிற மற்ற 39 வீட்டாரும் அது தங்களுக்கோ என்று நினைப்பார்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பள்ளி மொழியைப் படிக்கத் தெரியாத வீடுகளும் இருக்கும். அவர்களுக்காக மடலை நானே படித்துக் குரல் செய்தியாக அனுப்பத் தொடங்கினேன். படிக்கத் தெரிந்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள், வேலைக்குப் போகும் வழியில். குரலில் படித்தால் இன்னொரு லாபம் உண்டு. எந்த வரியைச் சத்தமாகப் படிக்க நமக்கே கூச்சமாக இருக்கிறதோ அந்த வரி வெட்ட வேண்டிய வரி.

யாரும் படித்த மாதிரி தெரியவில்லை என்றீர்கள். படித்தீர்களா என்று கேட்டால் எல்லோரும் படித்ததாகத்தான் சொல்வார்கள். மடலின் நடுவில் எங்காவது பிள்ளைக்கு ஒரு சின்னக் கேள்வி வைத்துவிடுங்கள். நிழல் அளந்த பருவத்தில் ‘உங்கள் வீட்டில் யாருடைய நிழல் ரொம்ப நீளம் என்று பார்த்து வந்து சொல்லுங்கள்’ என்று எழுதியிருந்தேன். மறுநாள் இரண்டு பேர் பதிலோடு வந்தார்கள். அந்த வார முடிவுக்குள் பதினொரு பேர். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையன் எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, “காலையிலயா சாயங்காலமா மிஸ்?” என்று கேட்டான்.